அக்காவின் ஜூனிப்பருக்கு ஒரு தொட்டி: நான்கு உடைசலும் ஐந்தாவதும்

மூன்றாவது தொட்டியை மேசைமேல் வைத்ததும் அக்கா அதன் நிறத்தைப் பார்க்கவில்லை, விளிம்பைத் தடவிப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து உள்ளே ஊற்றினார். இரண்டு பெரிய துளைகள் வழியாகவும் தண்ணீர் இறங்கியது. ஆனால் முழுவதும் இறங்கவில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டை அப்படியே நின்றது. அதில் ஒரு ஈர்க்குச்சியை நிறுத்தி எடுத்து, நனைந்த இடத்தை நகத்தால் அளந்து காட்டினார். மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

"தம்பி, தொட்டி அழகா இருக்கு. ஆனா இதுல என் மரம் உட்கார்ந்தா வேர் கறுத்துப் போயிடும்."

அதற்கு முன் செய்த இரண்டும் விரிசல் விட்டவை. இது விரிசல் இல்லாமல் வந்தது என்ற பெருமையோடுதான் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதற்குப் பின் நான்காவதும் போனது. ஐந்தாவதில்தான் மரம் ஏறியது. ஆழமில்லாத தொட்டியில் குட்டையாக வளர்க்கிற ஒரே போன்சாய் மரத்துக்கு, ஒரே அளவில், ஒரே சூளையில் செய்த ஐந்து தொட்டிகளின் கதை இது. ஒவ்வொன்றும் வேறுவேறு காரணத்தால் கெட்டது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் சூளையையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டது என்ன

அக்காவின் ஜூனிப்பர் 54 செ.மீ. உயரம். அடித்தண்டு ஐந்தரை செ.மீ. தடிமன். போன்சாய்க்காரர்களிடம் புழங்கும் கணக்கு எளிது: தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடித்தண்டின் தடிமன் அளவு. சட்டம் இல்லை, கண்ணுக்குப் பழகிய அளவு, அவ்வளவுதான். அதன்படி சுட்டு முடித்த பின் 36 நீளம், 24 அகலம், 6 ஆழம் என்று முடிவானது. ஜூனிப்பர், பைன் போன்ற ஊசியிலை மரங்களுக்குப் பூச்சு இல்லாத பழுப்புத் தொட்டி, இலையுதிர் மரங்களுக்கும் பூக்கும் மரங்களுக்கும் பளபளப்பான பூச்சு என்பது பழைய வழக்கம். ஆகவே பூச்சு வேண்டாம். செவ்வகம், நான்கு மூலையிலும் கால், வெளிப்பக்கம் லேசாக விரியும் சுவர்.

சுவர் விரிய வேண்டும் என்பதை அக்கா மூன்று முறை சொன்னார். விளிம்பு உள்பக்கம் மடிந்த தொட்டியில் வைத்த மரத்தை வேர் மாற்றும் நாளில் வெளியே எடுக்கவே முடியாது. வேரை அறுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டியை உடைக்க வேண்டும். பூச்சாடி செய்து பழகிய கைக்கு விளிம்பை உள்ளே திருப்புவது அழகு. இங்கே அதே அழகு குற்றம்.

இந்த வகைத் தொட்டிக்குப் பேர்போன இடங்கள் இரண்டு. ஒன்று சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் உள்ள யீஷிங். அதன் ஊதா நிறக் களிமண்ணில்தான் தேநீர்க் குடுவைகளும் செய்கிறார்கள். இன்னொன்று ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் உள்ள தோக்கோனாமே. அந்த நாட்டின் ஆறு பழஞ்சூளைகளில் ஒன்று. இரண்டு இடத்துத் தொட்டிகளையும் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முகத்தைவிட அடிப்பாகத்தில்தான் உழைப்பு தெரியும்: துளையின் ஓரம் மழுங்கியிருக்கும், காலின் உள்பக்கம் கூடச் சீவியிருக்கும், தரை ஒரே மட்டத்தில் இருக்கும். நான் முதல் மூன்று தொட்டிகளிலும் முகத்துக்கே நேரம் செலவழித்தேன்.

அளவில் ஒரு சின்னச் சறுக்கல். என் மண் ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை 12 சதவீதம் சுருங்கும். 36-உடன் 12 சதவீதத்தைக் கூட்டி 40.3 என்று வெட்டினேன். அது தப்பு. சுருக்கம் ஈர அளவில்தான் கணக்கு, 36-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும், 40.9 வரும். அரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். மூடி போடுகிற பாத்திரம் செய்கிறவரைக் கேட்டால் சிரிப்பார்.

உடைசல்களை மேசைமேல் பரப்பியபோது

நான்காவது தொட்டியும் போன பிறகுதான் புத்தி வந்தது. பழைய உடைசல்களைத் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் வைத்திருந்தேன், சோம்பல்தான் காரணம். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, விளக்கைத் தாழ்த்தி, விரிசல்களை மட்டும் பார்த்தேன்.

எந்த நேரத்தில் விட்டோம் என்பதை விரிசலே சொல்லிவிடும். மண் ஈரமாக இருக்கும்போதோ காயும்போதோ விட்ட விரிசல் வாய் பிளந்து இருக்கும். ஓரம் கிழிந்த துணி போல் நார்நாராக, மழுங்கி இருக்கும். அதன் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் பொருந்தாது. ஏனென்றால் பிளந்த பிறகு இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுருங்கியிருக்கின்றன. உள்முகமும் வெளிமுகம் போலவே சுட்ட நிறத்தில் இருக்கும். சூளை ஆறும்போது விட்ட விரிசல் வேறு. கண்ணாடி உடைந்தது போல் கூர்மையாக இருக்கும், இரண்டு துண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தும்.

முதல் தொட்டியின் விரிசல் மூலையில், மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி. வாய் பிளந்தது, பொருந்தாதது. அது காயும்போதே கண்ணில் பட்டது. மண் குழம்பு பூசி மறைத்துவிட்டு முதல் சுடுதலுக்கு அனுப்பினேன். அதே இடத்தில், இன்னும் அகலமாகத் திறந்துகொண்டு வந்தது. காய்ந்த சுவரில் ஈரக் குழம்பு பூசினால் அந்தக் குழம்பு மட்டும் தனியாகச் சுருங்கும், அதற்குப் போக வேறு வழி இல்லை. இனிமேல் காய்ந்த விரிசலை ஒட்டுவதில்லை. மண்ணைத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடுகிறேன். அதற்கு ஆகும் மனக்கஷ்டம் ஒரு நாள்தான்.

மூலைப் பிளவின் உள்ளே பார்த்தால் காரணம் தெரிந்தது. ஒரு பக்கம் நான் கீறிய கோடுகள் அச்சடித்த மாதிரி அப்படியே இருந்தன. மறுபக்கச் சுவர் அந்தக் கீறலுக்குள் இறங்கவே இல்லை. இரண்டு சுவர்களையும் வெவ்வேறு நாளில் உருட்டிய மண் தகட்டிலிருந்து வெட்டியிருந்தேன்: ஒன்று பதமாக, ஒன்று கொஞ்சம் இறுகி. ஒட்டவில்லை, ஒட்டியது போல் நின்றது.

இரண்டாவதில் மண்ணை மாற்றினேன். சுட்டு அரைத்த மண் குருணையை, குரோக் என்பார்களே அதை, மண்ணில் சேர்த்தேன். அது ஏற்கெனவே சுருங்கி முடித்த மண் என்பதால் மொத்தச் சுருக்கம் குறையும், ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கும். மூலைகள் நன்றாக வந்தன. ஆனால் தரையில், வடிகால் துளையிலிருந்து சுவர் வரை ஒரு விரிசல். சூளையிலிருந்து எடுத்தபோதுதான் பார்த்தேன், அதனால் சூளையைத் திட்டினேன். இப்போது விளக்கு வெளிச்சத்தில் அதன் ஓரத்தைப் பார்த்தால் மழுங்கல், பிளவு, பொருந்தாமை. சூளைக்குப் போகும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது.

ஏன் தரையில்? இது எனக்குப் புரிய நாளாயிற்று. தொட்டி மரப்பலகைமேல் உட்கார்ந்து காய்கிறது. விளிம்புக்கு இரண்டு பக்கமும் காற்று; அது முதல் நாளே இறுகிவிடும். தரைக்கு அடிப்பக்கம் காற்றே இல்லை. அது கடைசியில் காயும். முதலில் காய்கிற விளிம்பு சுருங்கும்போது ஈரத் தரை வளைந்து கொடுத்துவிடும், ஒன்றும் ஆகாது. பிறகு தரையின் முறை வரும்போது சுற்றிலும் சுவர் கல் போல் நிற்கும். சுருங்க இடம் இல்லை. எங்கே பலவீனமோ அங்கே கிழியும், அது நான் கத்தியால் வெட்டிய துளையின் ஓரம். முதலில் காயும் இடத்தைத்தான் நாம் பயந்து பார்க்கிறோம். கிழிவது கடைசியில் காயும் இடம்.

நம்பாமல் ஒரு சோதனை செய்தேன். ஒரே மண்ணில் இரண்டு சின்னத் தட்டுகள், இரண்டிலும் நடுவில் துளை. ஒன்றை அப்படியே பலகையில் விட்டேன். இன்னொன்றின் விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் பட்டையால் சுற்றி, கம்பி வலைமேல் வைத்தேன். முழுக்கக் காய்ந்ததும் இரண்டிலும் தூரிகையால் மண்ணெண்ணெய் தடவினேன். கழிப்பறைப் பீங்கான் செய்யும் ஆலைகளில் சுடாத பொருளில் விரிசல் தேடப் பயன்படும் பழைய உத்தி இது: மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்துவிடும், விரிசலில் இறங்கிய எண்ணெய் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். பலகையில் காய்ந்த தட்டில் துளையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு எழுந்து வந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. வலைமேல் காய்ந்ததில் எதுவும் இல்லை.

மூன்றாவதின் குட்டை

இரண்டாவது தொட்டியின் உடைசல், மூன்றாவதைச் செய்வதற்கு முன்பே, இன்னொன்றும் சொன்னது. நாக்கை வைத்தால் ஒட்டியது. சரியாக வெந்த ஸ்டோன்வேர், அதாவது அதிக வெப்பத்தில் கல் போல் சுட்ட மண்பாண்டம், அப்படி ஒட்டாது. ஒரு துண்டை உலர்த்தி எடை போட்டேன்: 84.0 கிராம். ஐந்து மணி நேரம் கொதிக்க வைத்து, 24 மணி நேரம் அதே தண்ணீரில் ஊற விட்டு, மேல் ஈரத்தைத் துடைத்து மறுபடி போட்டேன்: 88.4. ஐந்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது பருமனில் சுமார் 9 சதவீதம் பெருக்கும். இப்படிக் குடிக்கிற தொட்டி உறைபனியில் வெளியே நின்றால் சுவர் ஏடுஏடாக உரியும். போன்சாய் வருடம் முழுக்க வெளியே நிற்கிற மரம்.

சூளையின் மீட்டர் 1220 என்று காட்டியிருந்தது. பக்கத்தில் ஆர்ட்டன் 6-ஆம் எண் கோனை, அதாவது குறித்த அளவு வெந்ததும் வளைந்துவிடும் சின்னக் கூம்பை, வைத்துச் சுட்டுப் பார்த்தால் கோன் அசையாமல் நேராக நின்றது. மீட்டர் உணர்கருவி இருக்கும் இடத்தின் வெப்பத்தைச் சொல்கிறது. மண் எவ்வளவு வெந்தது என்பதைக் கோன்தான் சொல்லும், ஏனென்றால் அதுவும் வேகிற பொருள். அதன்பின் மீட்டரை நம்புவதை விட்டேன். கோன் வளைகிற வரை சுட்டேன்.

அதுதான் மூன்றாவது தொட்டியில் வந்து விடிந்தது. அந்த வெப்பத்தில் மண் கல்லாகிறது. கல்லாவதற்கு முன் கொஞ்ச நேரம் மெழுகு மாதிரி இளகுகிறது. 36 செ.மீ. நீளத் தரை நான்கு மூலைக் கால்களின் மேல் பாலம் போல் நிற்கிறது, நடுவில் தாங்கல் இல்லை. தன் எடையாலேயே தொய்ந்தது. சூளை தன் வேலையைச் சரியாகச் செய்ததால் வந்த கேடு. அரைவேக்காட்டில் சுட்டிருந்த இரண்டாவதில் தொய்வு இல்லாததைப் பார்த்து, என் தரை உறுதியானது என்று நினைத்திருந்தேன்.

மூன்று மில்லிமீட்டர் குட்டைக்கு அக்கா ஏன் அவ்வளவு பயந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தொட்டியிலும், துளை இருந்தாலும், தண்ணீர் வடிந்த பிறகு அடியில் ஒரு நனைந்த அடுக்கு நிற்கும். மண் துகள்கள் பிடித்துவைக்கும் தண்ணீர் அது. அதன் உயரம் துகளின் பருமனைப் பொறுத்தது. தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது இல்லை. ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு சின்னப் பங்கு. ஆறு செ.மீ. தொட்டியில் அது பாதி வீடு. அதற்குக் கீழே வடியவே வடியாத குட்டையும் சேர்ந்தால், வேருக்கு மூச்சுவிட மேலே கொஞ்ச இடம்தான் மிச்சம். இதனால்தான் துளைகள் இரண்டும் தரையின் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். அழகுக்காக இரண்டு பக்கமும் சமமாக வெட்டிவிட்டு, தரை எங்கே தாழும் என்று யோசிக்காமல் விட்டேன்.

நீளச் சுவர்கள் இரண்டும் உள்பக்கம் வளைந்தும் இருந்தன, ஒன்று அதிகமாக. அது எந்தச் சுவர் என்று ஞாபகம் இருந்தது. தகட்டைப் பலகையிலிருந்து எடுக்கும்போது ஈரத் துணி போல இரண்டு கையிலும் தொங்கவிட்டுத் தூக்கியது அதுதான். திரும்ப நேராக்கித்தான் ஒட்டினேன். களிமண் மறக்காது, எந்தப் பக்கம் வளைத்தோமோ அந்தப் பக்கம் சூளையில் மறுபடி போகும்.

நான்காவது: இது முழுக்க என் அவசரம்

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வேர் மாற்றும் காலம் நெருங்கியிருந்தது. மொட்டு வீங்கத் தொடங்கும் சில வாரங்கள்தான் அதற்கு. தவறினால் அடுத்த வருடம். சுட்டு முடிந்து ஆறும்போது, மீட்டர் 250 டிகிரி காட்டுகையிலேயே சூளை மூடியைக் கொஞ்சம் தூக்கி ஒரு செங்கல்லை இடையில் வைத்தேன். சிறிது நேரத்தில் உள்ளிருந்து "டிங்" என்று ஒரு சத்தம். கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். உயர்ந்த வெப்பத்தில் உருவாகும் கிறிஸ்டோபலைட் என்ற அதன் இன்னொரு வடிவம் ஆறும்போது சுமார் 226-இல் சுருங்கும். குமிழ் வடிவக் கிண்ணம் இதைத் தாங்கிக்கொள்ளும். தட்டையான நீளத் தொட்டியில் ஓரம் குளிர்ந்துவிட, நடுத்தரை சூடாகவே இருக்கும். ஓரம் சுருங்கிவிட்டது, நடு சுருங்கவில்லை. நேர்கோட்டில் இரண்டாகப் போனது. துண்டுகளைச் சேர்த்தால் இன்றுவரை கோடு தெரியாமல் பொருந்துகிறது. மனதைக் கஷ்டப்படுத்த வேண்டுமென்றால் எடுத்துச் சேர்த்துப் பார்ப்பேன்.

அந்த உடைசலில் ஒரு நல்ல செய்தி: உலர்ந்து 90.0, ஊறி 91.5. ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். மண் வெந்திருந்தது. அந்த வருடம் மரம் பழைய தொட்டியிலேயே இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

ஐந்தாவது

இந்த முறை ஒரே கட்டி மண்ணிலிருந்து, ஒரே நாளில், எல்லாத் தகடுகளையும் உருட்டினேன். ஒரே திசையில் உருட்டினால் அந்தத் திசையில் அதிகம் சுருங்கும் என்பதால் திருப்பித் திருப்பி உருட்டி, 8 மி.மீ. தடிமனில் நிறுத்தினேன். இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஓர் இரவு. மறுநாள் தோல் பதம்: தொட்டால் குளிரும், விரலால் அழுத்தினால் தடம் பதியாது, கத்தி ஓடும். எந்தத் தகட்டையும் கையால் தூக்கவில்லை. பலகையோடு கவிழ்த்து நகர்த்தினேன்.

மூலைகளைச் சாய்வாக வெட்டி, இரண்டு பக்கமும் முள்கரண்டியால் ஆழமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பு தடவி, சத்தம் வரும்வரை அழுத்தினேன். ஈரமான இரண்டு கீறல் முகங்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும்போது நறநறவென்று ஒரு சின்ன ஓசை வரும். அது வராவிட்டால் ஒட்டவில்லை என்று அர்த்தம். உள்மூலையில் மெல்லிய மண் திரியை வைத்து விரலால் அமுக்கினேன். நீளச் சுவருக்கு நடுவில் இரண்டு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தொந்தி கொடுத்தேன்: உள்ளே இழுத்தால் ஈடுகட்டும், இழுக்காவிட்டாலும் நேர்கோட்டுச் சுவர் கண்ணுக்குக் குழிந்து தெரிகிற ஏமாற்று போகும்.

துளைகளை வெட்டியதும் ஓரங்களை ஈர விரலால் மழுங்கத் தேய்த்தேன். இதற்கே அரைமணி நேரம் ஆனது. மரத்தைக் கட்டும் கம்பிக்காக நான்கு சின்னத் துளைகள். போன்சாய் மரம் தொட்டியில் வெறுமனே நிற்பதில்லை. அடியிலிருந்து வரும் கம்பி வேர்க்கட்டைப் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் காற்றில் ஆடி புது வேர் அறுந்துபோகும். உள்பக்கத்தைச் சொரசொரப்பாகவே விட்டேன்.

உலர்த்தல் கவிழ்த்து. விளிம்பு பலகையில், தரை மேலே காற்றில், விளிம்பைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டை. முதல் இரண்டு நாள் மேலே ஒரு துணி. முழுக்கக் காய 12 நாள் ஆனது. மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தேன், கோடு இல்லை.

சூளையில் தரையின் அடியில் மூன்று தாங்கல்கள் வைத்தேன். அவற்றையும் அதே மண்ணில், காலின் உயரத்துக்கே செய்து, தொட்டியோடு சேர்த்தே காயவைத்திருந்தேன். சுட்ட செங்கல் துண்டை வைத்தால் கால் சுருங்கித் தாழும், செங்கல் தாழாது. தரையைக் குத்தித் தூக்கிவிடும். தொட்டி முழுவதும் அதே மண்ணில் செய்த, சுடாத ஒரு தகட்டின்மேல் நின்றது. தொட்டி சுருங்கும்போது அந்தத் தகடும் கூடவே சுருங்கும்; கால்கள் சூளைப் பலகையில் உரசி இழுபடாது. இடையில் ஒட்டாமலிருக்க அலுமினாத் தூள். அந்தத் தகட்டை ஒரு முறைதான் பயன்படுத்தலாம், வீண் என்று தோன்றும். நான்கு தொட்டி வீணாக்கியவன் தகடு வீணாவதைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆறும்போது சூளையை 80 டிகிரி வரை தொடவில்லை. சாவியை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நீளம் 36.1. குறுக்கே இரண்டு மூலைகளுக்கும் அளந்ததில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு கால் லேசாக ஆடியது. தட்டைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்தேன். அக்கா வழக்கம்போல டம்ளரைச் சாய்த்தார். தண்ணீர் இரண்டு துளைக்கும் பிரிந்து ஓடி இறங்கியது. தரையில் ஈரம் மட்டும் மிச்சம். அவர் விரலால் அதைத் துடைத்துவிட்டு, "கம்பி எடுத்துட்டு வா" என்றார்.

இரண்டு வருடம் கழித்து மரத்தை வெளியே எடுத்த நாளில் நானும் இருந்தேன். சுவரை ஒட்டிக் கத்தியை ஒரு சுற்று ஓட்டி, தண்டைப் பிடித்து அசைத்ததும் வேர்க்கட்டு செங்கல் மாதிரி முழுதாக எழுந்து வந்தது. அடியில் வெள்ளை வேர் நுனிகள். ஒரு இடத்தில் மட்டும், தொட்டியின் நடுப்பகுதியில், கம்பி இறுக்கிய தடத்தில் வேர் நசுங்கிப் பழுப்பாக இருந்தது. கம்பித் துளைகளைப் பெரிய துளைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தேன். கம்பி செங்குத்தாக ஏறி, வேரின் நடுவை அறுத்திருக்கிறது.

அக்கா ஈர்க்குச்சியை ஒடித்து, துளையிலிருந்து சுவர்ப் பக்கம் நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்துக் காட்டினார். "அடுத்ததுல இங்க போடு. அளவு அதேதான்."